உரியும் தோல், உரியாத நிறம்

நெமிலிச்சேரி ரயில் நிலையத்தில் காலை வண்டிக்கு நிற்கிற பெண்களில் பலர் துப்பட்டாவை முகம் முழுக்கச் சுற்றிக் கண்ணை மட்டும் வெளியே விட்டிருப்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனிக்கும் பாகங்கள் செய்கிற கம்பெனிக்கும் போகிறவர்கள். தூசுக்காக, வெயிலுக்காக, சில சமயம் ஆட்களுக்காக அந்தச் சுற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் துப்பட்டாவை அவிழ்த்துக் காட்டியபோதுதான் வேறு காரணமும் இருக்கக்கூடும் என்று உறைத்தது. இரண்டு கன்னத்திலும் தீய்ந்த தோசை மாதிரி கறுத்த திட்டுகள். பருத் தழும்பு போகும் என்று ஒரு பார்லரில் 'பீல்' போட்டிருக்கிறார்கள். பாட்டிலில் என்ன இருந்தது, எவ்வளவு நேரம் வைத்தார்கள் எதுவும் அவளுக்குத் தெரியாது. "எரியும், பொறுத்துக்கோன்னாங்க. பொறுத்துக்கிட்டேன்" என்றாள். மறுநாள் வழக்கம்போல ஆறரை மணி வண்டி, வெயில், வேலை. மூன்றாவது வாரம் கன்னம் கறுத்துவிட்டது.

நான் செய்தது அதைவிட மோசம். நிற அரசியல் பற்றி ஒரு பாட்டம் பேசினேன். சிவப்பு மோகம், விளம்பரம், சந்தை, உடல்மீது அதிகாரம் எழுதுகிற எழுத்து என்று நம் வட்டாரத்தில் எல்லாரும் கையில் வைத்திருக்கிற சரக்குதான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்குச் செகப்பாவ வேணாம்ணா. பரு வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்தேனோ அப்படி இருந்தாப் போதும்."

இந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வேறொரு நிறத்துக்கு மாற விரும்புவதும், தன் நிறத்துக்கே திரும்ப விரும்புவதும் ஒன்றல்ல. விற்கிறவர்கள் இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றி விற்கிறார்கள். விமர்சிக்கிற நாமும் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு ஏசுகிறோம். நடுவில் தீய்ந்துபோவது அவள் கன்னம். இந்தக் கட்டுரை அந்தப் பெண்ணுக்கு நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

முதலில் அவளுக்கு என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 'பருத் தழும்பு' என்று நாம் சொல்வது இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறது. ஒன்று கறை. பரு வீங்கிப் பழுத்து அடங்கும்போது அந்த இடத்தின் நிறமிச் செல்கள் கலவரமடைந்து மெலனினை அதிகமாகச் சுரக்கின்றன. மேல்தோலில் தங்கினால் பழுப்பு, கீழே உள்தோலுக்குள் இறங்கிவிட்டால் சாம்பல் நீலம். தடவிப் பார்த்தால் மட்டமாகத்தான் இருக்கும், பள்ளம் இருக்காது. மற்றொன்று குழி. உள்தோலின் கொலாஜன் அழிந்து தோல் உள்வாங்கிப்போவது. ஊசியால் குத்தினமாதிரி ஆழமாக, குறுகலாக இருப்பது. பெட்டி மாதிரி செங்குத்தான விளிம்புள்ளது. அலைபோல மேடு பள்ளமாக இருப்பது என்று அதை மூன்றாகப் பிரிப்பது 2001க்குப் பிறகு வழக்கத்துக்கு வந்தது. கறைக்கு மருத்துவர் மொழியில் தழும்பு என்ற பெயரே கிடையாது. மேல்தோலில் இருக்கிற கறை, பரு நின்றுவிட்டால், வெயில் படாமல் பார்த்துக்கொண்டால், மாதக் கணக்கில் தானாகவே மங்கும். குழி தானாக நிரம்பாது.

மேலாக உரிக்கிற பீல் எதுவும் குழியை நிரப்பாது. தேர்வில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் 'தழும்பு போகும்' என்று பலகை எழுதுகிறவன் எந்தத் தழும்பு என்று எழுதமாட்டான்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மங்கு. கன்னத்து எலும்பின்மேல், நெற்றியில், மேலுதட்டில் படர்வது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு, கருத்தடை மாத்திரைக்குப் பிறகு, வெயிலில், அடுப்படியில் கூடுவது. இதைக் கறை என்று நினைத்துக் காரமாக உரித்தால் முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பி வரும். மங்குக்கு பீல் துணை மருந்துதான்; முதல் மருந்து வெயிலைத் தடுப்பது.

இனி அமிலங்கள். உரிப்பு என்பது எளிய ஏற்பாடு: அளவாக ஒரு காயம் செய்கிறோம், உடம்பு அதை ஆற்றும்போது புதுத் தோல் வருகிறது. எல்லாச் சிக்கலும் 'அளவாக' என்ற சொல்லில் இருக்கிறது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரின் தோல் மருத்துவர் பவுல் உன்னா 1882இல் விவரித்த சாலிசிலிக் அமிலம், ட்ரைகுளோரோஅசெட்டிக் அமிலம், ஃபீனால் மூன்றும் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. கரும்பிலும் பாலிலும் பழத்திலும் உள்ளவை என்று சொல்லப்படுகிற கிளைகாலிக், லாக்டிக் வகையறாக்களை வான் ஸ்காட், யூ இருவரும் 1974இல் தோல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள். (கரும்பில் இருப்பது என்றால் சாது என்று அர்த்தமில்லை. பாட்டிலில் இருப்பது ஆலையில் செய்தது.)

சாலிசிலிக் எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெய் வழிகிற, பரு இன்னும் வந்துகொண்டிருக்கிற முகத்துக்கு அது பொருந்தும். துவாரத்துக்குள் இறங்கி அடைப்பை எடுக்கும். இருபது முதல் முப்பது சதவீதம் என்பது மருத்துவர்கள் போடுகிற அளவு. கொஞ்ச நேரம் எரியும், அப்புறம் மரத்துப்போகும், முகத்தில் வெள்ளைப் பொடி படியும். அந்தப் பொடி அமிலம் காய்ந்து படிந்தது, தோல் வெந்தது இல்லை. இதைத் தனியாக நடுநிலைப்படுத்த வேண்டியதில்லை என்பதால் கைதவறும் வாய்ப்புக் குறைவு. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும்.

கிளைகாலிக் அப்படியல்ல. மூலக்கூறு சின்னது, சரசரவென உள்ளே போகும், முகத்தில் ஒரு இடத்தில் வேகமாகவும் இன்னொரு இடத்தில் மெதுவாகவும் போகும். நிமிடக் கணக்குப் பார்த்து, சிவக்கிற கணத்தில் சோடா உப்புக் கரைசலாலோ தண்ணீராலோ நிறுத்தியாக வேண்டும். பக்கத்து நாற்காலியில் இன்னொருவருக்குப் புருவம் திருத்தப் போய்விட்டுத் திரும்பி வருகிற இடைவெளி போதும், வெந்துவிடும். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நடந்தது இதுதான் என்று நான் ஊகிக்கிறேன். இன்னொரு ஏமாற்றும் உண்டு: சதவீதம். முப்பது சதவீதம் என்று எழுதிய இரண்டு பாட்டில்கள் ஒன்றல்ல. அமிலத்தன்மை எவ்வளவு கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று தடவினமாதிரி இருக்கும், ஒன்று சுடும். சதவீதத்தை மட்டும் சொல்லி விற்கிறவர் பாதிதான் சொல்கிறார்.

மாண்டலிக்கும் லாக்டிக்கும் மெதுவானவை. மாண்டலிக்கின் மூலக்கூறு பெரிது, ஊறி இறங்க நேரமெடுக்கும். நம் நிறத்துக்கு முதல் தடவையாகப் போட்டுப் பார்க்க இவை தோது. பலன் வரத் தாமதமாகும், மிரட்டலும் குறைவு.

ட்ரைகுளோரோஅசெட்டிக் அமிலம், சுருக்கமாக டி.சி.ஏ., புரதத்தை உறைய வைப்பது. முட்டை வெள்ளை வேகிறமாதிரி தோல் வெளுக்கும். பத்து, பதினைந்து சதவீதத்தில் மேலோடு நிற்கும். முப்பத்தைந்தில் உள்தோலைத் தொடும். ஐம்பதுக்கு மேல் முகம் முழுக்கப் பூசினால் அதுவே தழும்பு போடும். ஆனால் இதே அமிலத்துக்குக் குழி விஷயத்தில் ஒரு நுட்பமான உபயோகம் இருக்கிறது. 2002இல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட முறை: மரக்குச்சியின் கூர்முனையில் அடர்த்தியான டி.சி.ஏ.வைத் தொட்டு, ஊசிக் குழியின் அடியில் மட்டும் அழுத்துவது. அடியில் கொலாஜன் ஊறிக் குழி மெல்ல மேலேறும். சுற்றியுள்ள தோலில் பட்டுவிடக் கூடாது. பட்டால் கறுக்கும் அல்லது வெளுக்கும். கை பழகிய மருத்துவர் மட்டுமே தொட வேண்டிய விஷயம். அலைபோன்ற குழிக்கு இதுவும் உதவாது. அடியில் இழுத்துப் பிடித்திருக்கிற நாரை ஊசியால் அறுத்துவிடுவது, நுண்ணூசி, லேசர் என்று அதற்கு வேறு வழி.

ஃபீனால் பற்றி ஒரே வரி. ஆழமாக எரிப்பது, இதயத்தைப் பாதிக்கக்கூடியது, கறுத்த தோலை நிரந்தரமாக வெளுக்கச் செய்வது, நமக்கு வேண்டாம்.

இங்கே 'நமக்கு' என்று சொன்னேன். இந்தச் சொல்லுக்குள் ஒரு வரலாறு கிடக்கிறது.

எந்தப் பீல் யாருக்கு என்று தீர்மானிக்க இன்றைக்கும் மருத்துவர்கள் கையாளுவது ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்த அட்டவணை. வெயிலில் தோல் கருகுமா, கறுக்குமா என்ற கேள்வியை வைத்துத் தோலை வகைப்படுத்துவது. முதலில் அதில் நான்கு வகைகள்தாம், நான்கும் வெள்ளைத் தோலுக்கு. பழுப்பும் கறுப்பும் பின்னால் ஐந்து, ஆறு என்று சேர்க்கப்பட்டன. வெள்ளையில் நான்கு நுணுக்கம் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு உலகத்தின் பெரும்பகுதி இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. தமிழில் அட்டைக் கறுப்பு, மாநிறம், புதுநிறம் என்று எத்தனை இருக்கின்றன! (நம் சொற்களும் யோக்கியமில்லை. 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்பதில் அந்த 'இருந்தாலும்' செய்கிற வேலையைப் பாருங்கள்.)

அதே 1975. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன், வில்லிஸ் என்பவருடன் சேர்ந்து, மனிதத் தோலின் நிறத்தை நீக்க ஒரு புதிய கலவையை வெளியிட்டார். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு. அது கறுப்பின ஆண்களின் ஆரோக்கியமான தோலில் பூசிப் பார்க்கப்பட்டது. கிளிக்மன் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில், பெரும்பாலும் கறுப்பினக் கைதிகளின் முதுகிலும் கையிலும் மருந்துகளையும் ரசாயனங்களையும் சோதித்தவர். பருவுக்கு இன்று உலகமே பூசுகிற ட்ரெட்டினாயினின் சரித்திரத்தில் அந்தச் சிறையும் இருக்கிறது. ஆலன் ஹார்ன்ப்லம் 1998இல் எழுதிய நூல் இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2021இல்.

அதே 1975இல்தான் இந்துஸ்தான் லீவர் இங்கே 'ஃபேர் அண்ட் லவ்லி'யைக் கொண்டுவந்தது. இந்தியா நெருக்கடி நிலையில் வாயைப் பொத்திக்கொண்டிருந்த வருஷம், முகத்தைப் பற்றி இத்தனை பேச்சு! 2020இல் உலகெங்கும் கறுப்பின மக்கள் வீதிக்கு வந்தபோது அதன் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது.

இந்த மூன்றும் ஒரே சதியின் மூன்று கைகள் என்று நான் சொல்லவில்லை. ஃபிட்ஸ்பாட்ரிக் சொரியாசிசுக்கு ஒளிச் சிகிச்சையின் அளவைக் கணக்கிடத்தான் அட்டவணை போட்டார். ஆனால் இவை மூன்றும் நம்மிடம் வந்து சேர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும். கிளிக்மன் கலவையின் தம்பிகள் இங்கே மருந்துக் கடையில் சாதாரண முகக் க்ரீமாக விற்றன. முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும். ஆறாவது மாதம் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, மயிர் முளைத்து, விட்டால் எரியும், விடாவிட்டால் அழியும் என்ற நிலை. இதற்கு 'ஸ்டீராய்டு சேதப்படுத்திய முகம்' என்று ஒரு பெயரையே வைக்க வேண்டிவந்தது இந்தியத் தோல் மருத்துவர்களுக்கு. 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சீட்டு கேட்கிற கடையை நான் எங்கள் பக்கம் இன்னும் பார்க்கவில்லை. இப்படி மெலிந்துபோன முகத்தோடு போய் நாற்காலியில் உட்கார்ந்து பீல் போட்டுக்கொண்டால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, போடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'என்ன க்ரீம் பூசுறீங்க' என்பது. அதைக் கேட்காதவரிடம் முகத்தைக் கொடுக்கக் கூடாது.

கறுத்த தோலில் நிறமிச் செல்கள் அதிகம் என்பது பொய். எண்ணிக்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நம்முடையவை அதிகமாகச் சுரக்கின்றன, சுரந்ததை அகலமாகப் பரப்புகின்றன, சின்னக் காயத்துக்கும் பதில் சொல்கின்றன. வெயிலிலிருந்து நம்மைக் காப்பாற்றுகிற அதே குணம்தான் பரு போன இடத்தில் கறை வைக்கிறது. பீலால் வெந்த இடத்திலும் கறை வைக்கிறது. பீல் ஒரு காயம் என்பதால் கறைக்கு மருந்தாகிற அதுவே கறைக்குக் காரணமாகவும் ஆகலாம். நமக்கு மெதுவானதும் மெலிதானதும்தான் சரி என்பது இதனால்தான். 'உங்க ஸ்கின்னுக்கு ஸ்ட்ராங்கா போடணும்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

ஒழுங்காகச் செய்கிற முறை அலுப்பூட்டுவது. முதலில் பரு நிற்க வேண்டும். அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு, அசெலாயிக் அமிலம் என்று சாதாரணக் களிம்புகளே பலருக்குப் போதும். கறையும் அதிலேயே பாதி மங்கும். புதுப் பரு வந்துகொண்டிருக்கும்போது பழைய கறையை உரிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்துவது. பிறகு இரண்டு முதல் நான்கு வாரம் தோலைத் தயார் செய்ய வேண்டும், முக்கியமாக சன்ஸ்க்ரீன். காதுக்குப் பின்னால் சோதனை. பிறகு குறைந்த அளவில் ஒரு தடவை, சில வாரம் இடைவெளி, அடுத்தது. நாலைந்து தடவையாவது ஆகும். உதட்டில் அக்கி வருகிறவர்கள், தழும்பு தடித்து வளர்கிற உடம்புக்காரர்கள், ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும். மாத்திரை நிறுத்தி ஆறு மாதம் ஆகாமல் எதுவும் கூடாது என்பது பழைய விதி. மேலோட்டமான பீலுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று 2017க்குப் பிறகு தளர்ந்திருக்கிறது, ஆழமானதற்குத் தளரவில்லை. உரிகிற தோலைப் பிய்க்கக் கூடாது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் 2008இல் பீலுக்கென்றே நெறிமுறை வெளியிட்டது. பயிற்சி பெற்ற மருத்துவர், எழுத்தில் சம்மதம், முன்னும் பின்னும் புகைப்படம் எல்லாம் அதில் இருக்கின்றன. இப்போது அமிலம் தபாலில் வீட்டுக்கே வருகிறது. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இவற்றை வாங்கிப் போடாதீர்கள் என்று 2024இல் அமெரிக்க மருந்துத் துறையே எச்சரித்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்வீட்டுப் பெண் கேட்பாள் என்று எனக்குத் தெரிந்த கேள்வி: வெயிலுக்கு என்ன செய்வது? பீல் போட்ட ஒரு வாரம், பத்து நாள் வெயிலில் போகாதே என்கிறது மருத்துவம். நிலையத்தில் வண்டி தாமதமானால் வெயிலில்தான் நிற்க வேண்டும். லீவு போட்டால் சம்பளம் போகும். சன்ஸ்க்ரீனை இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்துப் பூச வேண்டும், ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு கிராம். காலையும் மதியமும் பூசினால் ஐம்பது கிராம் ட்யூப் இருபத்தைந்து நாளில் தீர்ந்துவிடும். எந்த அமிலம் என்ற தேர்வுக்கு முன்னால், நிழல் யாருக்கு என்ற தேர்வு நடந்து முடிந்திருக்கிறது. ஏ.சி. அறையிலிருந்து காருக்குள் போகிற கன்னத்துக்குச் சொன்ன அளவை வண்டிப் படியோரம் நிற்கிற கன்னத்துக்குச் சொல்ல முடியாது. நிழல் வாங்க முடியாதவளுக்கு நல்ல மருத்துவர் பீலே சொல்லமாட்டார். இரவில் பூசுகிற களிம்பு, பகலில் சன்ஸ்க்ரீன், துப்பட்டா, காத்திருப்பு. துப்பட்டாவைக் குறைத்து நினைக்க வேண்டாம்: அடர்ந்த நிறத்தில் நெருக்கமாக நெய்த துணி நல்ல தடுப்பு, காசும் கேட்காது.

கறுப்புச் சட்டையை அரசியல் உடையாக்கிய மண் இது. கறுத்த நாயகர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடிவிட்டு, அவர்களுக்கு ஜோடியாக வெளுத்த பெண்களை மும்பையிலிருந்து வரவழைத்த சினிமாவும் இந்த மண்ணுடையதுதான். கறுப்பு ஆணுக்குக் கொள்கை, பெண்ணுக்குக் குறை. 2009இல் சென்னையிலிருந்துதான் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு கறுப்பும் அழகே என்ற பிரச்சாரத்தைத் தொடங்கியது. வேண்டிய வேலை அது. ஆனால் கறுப்பை ஏற்றுக்கொள் என்பதைக் கறையையும் ஏற்றுக்கொள் என்று நீட்டிவிடக் கூடாது. கறை அவள் நிறமல்ல. அவள் நிறத்தின்மேல் விழுந்தது. அதை எடுக்க விரும்புகிறவளை வெள்ளை முகமூடிக்கு ஏங்குகிறவள் என்று ஃபானனைச் சொல்லி மடக்குவது ஃபானனுக்கும் அநியாயம்.

பிறகு அவளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். நெமிலிச்சேரியில் ஏறினால் மூர்மார்க்கெட் வளாகத்தில் இறங்கிச் சாலையைக் கடக்க வேண்டியதுதான்; தோல் பிரிவு இருக்கிறது. அரைநாள் சம்பளம் போயிற்று. அங்கே இருந்த மருத்துவர் அம்மா கேட்ட முதல் கேள்வி என்ன க்ரீம் பூசுறே என்பதுதானாம். பீல் இப்போதைக்கு எதுவும் கிடையாது என்று ஒரு களிம்பும் சன்ஸ்க்ரீனும் எழுதிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். "பழைய கலர் வந்துருமான்னு கேட்டேண்ணா. வரும், லேட்டாகும்னாங்க" என்றாள். துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வண்டிக்குக் கிளம்பினாள்.